பொறியியல் மாணவருக்கு எந்த மென்டார்? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

பொறியியல் படிப்பில் பாதி தூரம் வந்த மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "பெரிய கம்பெனி ஒன்று மென்டரிங் திட்டத்துக்கு, அதாவது அனுபவமுள்ள ஒருவர் மென்டாராக இருந்து மாணவருக்கு வழிகாட்டும் திட்டத்துக்கு, விண்ணப்பம் கேட்டிருக்கிறது. அதே செமஸ்டரில் இன்னொரு கம்பெனி தரும் புராஜெக்டையும் எடுக்கலாம். தெரிந்த டிசைன் ஆபீஸ் ஒன்றில் வந்து உட்காரச் சொல்கிறார்கள். சீனியர் ஒருவரோ, அதெல்லாம் எதற்கு, என்னைக் கேள் என்கிறார். எதை எடுப்பது?"

எல்லாவற்றையும் எடு என்று சொல்லிவிடலாம். ஆனால் லேப், அசைன்மென்ட், தேர்வு எல்லாம் போக ஒரு மாணவர் கையில் மிஞ்சுவது வாரத்துக்குச் சில மணி நேரம். அதை நாலு பேருக்குப் பங்கு போட்டால் நாலு பேரிடமும் அறிமுகத்தோடு நின்றுவிடும். ஒன்றை முதன்மையாக எடுத்துக்கொண்டு, இன்னொன்றை லேசாகத் தொட்டுக்கொள்வதுதான் நடக்கக்கூடிய காரியம்.

## எதை வைத்து அளப்பது

கம்பெனியின் பெயரை வைத்து அளப்பவர்கள்தான் அதிகம். அது கடைசியில் வர வேண்டியது. நான் பார்ப்பது வேறு.

முதலில், அவர் உங்கள் வேலையைப் பார்ப்பாரா? ரெஸ்யூமேவைச் சொல்லவில்லை. கணக்குத்தாள், டிராயிங், புரோகிராம், சோதனை அறிக்கை இவற்றைச் சொல்கிறேன். வேலையைப் பார்க்காத மென்டார் பொதுவான புத்திமதிதான் சொல்ல முடியும். அது எல்லா இடத்திலும் இலவசமாகக் கிடைக்கிறது.

இரண்டாவது, அவரிடம் உள்ளதை உள்ளபடி பேச முடியுமா? "எனக்கு இந்தத் துறையே பிடிக்கவில்லையோ என்று தோன்றுகிறது", "தெர்மோடைனமிக்ஸ் இன்னும் புரியவில்லை", "மேற்படிப்புக்குப் போகலாமா?" இதெல்லாம் நாளைக்கு உங்களை வேலைக்கு எடுக்கப்போகிறவரிடம் வாயில் வராது.

மூன்றாவது, அவர் காட்டும் உலகம் எவ்வளவு அகலம்? நான்காவது, உங்களுக்கு ஆகும் செலவு. பணம் பெரும்பாலும் ஆகாது. நேரம், செய்த வேலையின் மீதான உரிமை, வேறு வாய்ப்புகள், இவையெல்லாம் சத்தமில்லாமல் போகும்.

இந்த நான்கில் முதல் இரண்டும் எதிரெதிராக இழுப்பவை. உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர் பெரும்பாலும் உங்களை எடைபோடும் இடத்தில் இருப்பார். மனம்விட்டுப் பேசக்கூடியவரோ தூரத்தில் இருப்பார், உங்கள் வேலை அவர் கண்ணில் படாது. பாஸ்டன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கேத்தி கிராம் 1980களில் மென்டார் உறவுகளை ஆராய்ந்தபோது அவற்றின் பயனை இரண்டாகப் பிரித்தார்: தொழிலில் மேலே ஏற உதவுவது ஒன்று, தன்னைப் பற்றிய நம்பிக்கைக்குத் துணை நிற்பது மற்றொன்று. மாணவர் நிலையில் இரண்டையும் ஒரே ஆளிடம் எதிர்பார்ப்பதால்தான் பாதி ஏமாற்றம் வருகிறது. இப்போதைக்கு உங்களுக்கு எது அதிகம் தேவை என்று முடிவு செய்துவிட்டு மேலே படியுங்கள்.

## பெரிய நிறுவனத்தின் முறையான திட்டம்

விண்ணப்பம், சின்னக் கட்டுரை, சில இடங்களில் நேர்காணல். தேர்வானதும் ஓர் இன்ஜினியரோடு உங்களை இணைப்பார்கள். மாதம் ஒரு முறை பேச்சு, ஆலையையோ அலுவலகத்தையோ ஒருநாள் சுற்றிக் காட்டுதல், ரெஸ்யூமே திருத்தம், மாதிரி நேர்காணல். கடைசியில் ஒரு சான்றிதழ்.

இதன் உண்மையான பலம் சான்றிதழில் இல்லை. பெரிய நிறுவனத்தில் ஒரே பொருளைச் சுற்றி எத்தனை வகை இன்ஜினியர்கள் இருக்கிறார்கள் என்பதை வேறு எங்கும் இவ்வளவு சுலபமாகப் பார்க்க முடியாது. மாணவருக்குத் தெரிந்தவை டிசைன், புரொடக்‌ஷன், சாஃப்ட்வேர். உள்ளே போனால் தரக் கட்டுப்பாடு, எஸ்டிமேஷன் (செலவுக் கணிப்பு), கொள்முதல், கமிஷனிங் (நிறுவியதை முதல்முறை இயக்கி ஒப்படைப்பது), பராமரிப்பு, பாதுகாப்பு, விதிமுறை ஒப்புதல், வாடிக்கையாளருக்குத் தொழில்நுட்பம் விளக்கும் விற்பனை இன்ஜினியர் என்று பட்டியல் நீளும். எனக்குத் தெரிந்த பலர் கடைசியில் போய்ச் சேர்ந்தது மாணவராக இருந்தபோது பெயர்கூடக் கேள்விப்படாத வேலைகளில். குடும்பத்திலோ சுற்றத்திலோ இன்ஜினியர் யாருமே இல்லாத மாணவருக்கு இந்த ஒரு பயனுக்காகவே திட்டத்தில் சேரலாம்.

இன்னொரு பலம், திட்டத்துக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் இருப்பார். மென்டார் வேலையை விட்டுப் போனாலோ, வேறு சைட்டுக்கு மாற்றலானாலோ இன்னொருவரை ஏற்பாடு செய்வார்கள். மற்ற மூன்று வழிகளில் அந்தப் பிடிமானம் குறைவு.

சரி, பலவீனம்? மென்டார் தன் வேலையைக் காட்ட முடியாது, அது ரகசியம். உங்கள் வேலையைப் பார்க்கத் திட்டத்தில் நேரமும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். ஆகவே பேச்சு இரண்டாம் மாதமே "ஆர்வமாக இரு, நாலு பேரோடு பழகு, கம்யூனிகேஷனை வளர்த்துக்கொள்" என்று வழுக்கிவிடும். அவர் மீது குற்றமில்லை. முன்னால் ஒன்றும் வைக்காமல் எதைப் பற்றிப் பேசச் சொல்கிறீர்கள்?

மறைமுகச் செலவுகளில் முதலாவது, இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் ஆளெடுப்புப் பிரிவின் கையில் இருப்பது. கம்பெனி நல்ல மாணவர்களை முன்கூட்டியே அடையாளம் காண விரும்புகிறது. அதில் தப்பே இல்லை. ஆனால் நீங்கள் சொல்வது எங்கே போகும் என்று தெரிந்துகொள்ளாமல் மனதைத் திறக்காதீர்கள். சேருவதற்கு முன்பே கேட்டுவிடலாம்: மென்டார் என்னைப் பற்றி அறிக்கை எழுதுவாரா? அதை ஆளெடுப்பவர்கள் படிப்பார்களா? நான் படிக்கும் பொறியியல் கிளையைச் சேர்ந்த இன்ஜினியரோடு இணைப்பீர்களா? மூன்றாவது கேள்வி சும்மா கேட்பதில்லை. எலெக்ட்ரிக்கல் மாணவருக்கு மென்பொருள் மேலாளர் வாய்ப்பது சர்வ சாதாரணம்.

இரண்டாவது செலவு மெல்லத் தெரிவது. ஒரே நிறுவனத்தின் பழக்கங்களை முழுத் துறையின் பழக்கமாக எடுத்துக்கொள்வோம். அங்கே எல்லோரும் ஒரு குறிப்பிட்ட மென்பொருளைப் பயன்படுத்தினால் உலகமே அதில்தான் ஓடுகிறது என்று நினைப்போம். "இங்கேதான் வேலை கிடைக்கப்போகிறதே" என்ற மிதப்பில் மற்ற விண்ணப்பங்களைத் தள்ளிப்போடுவதும் நடக்கும். மென்டரிங் திட்டம் வேலைக்கு உத்தரவாதம் இல்லை என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருக்கும், நாம்தான் படிப்பதில்லை.

## சிறு அலுவலகத்தில் ஓர் இன்ஜினியரின் பக்கத்தில்

பத்துப் பதினைந்து பேர் வேலை செய்யும் டிசைன் ஆபீஸ் அல்லது சின்ன உற்பத்திக் கூடம். திட்டம் என்று பெயரே இருக்காது. "சனிக்கிழமை வா, பார்த்துக்கொள்" என்பதுதான் ஒப்பந்தம்.

ஆனால் முதல் அளவுகோலில் இதை அடிக்க ஆள் இல்லை. ஒரு மாணவி இரும்புத் தூணின் வெப் பகுதியில் (நடுத் தகட்டில்) விட்டம் வந்து சேரும் இணைப்பை வரைந்து வந்திருந்தார். போல்ட்டின் வலிமை, தகட்டின் கனம், வெல்டின் அளவு எல்லாம் கணக்கில் சரி. பக்கத்தில் இருந்த டிசைன் இன்ஜினியர் டிராயிங்கை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, தூணை ஒட்டியிருந்த இரண்டு போல்ட்டுகளைப் பென்சிலால் வட்டமிட்டார். "இதை முடுக்க ஸ்பானர் எந்தப் பக்கமிருந்து உள்ளே போகும்?" போகாது, தூணின் பிளேஞ்ச் (ஓரத் தகடு) இடிக்கும். பாடப்புத்தகம் வலிமையைக் கேட்கும். சைட்டில் நிற்பவர் ஸ்பானரைக் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு அந்த மாணவி எந்த இணைப்பை வரைந்தாலும் முதலில் முடுக்குபவரின் கை எங்கே வரும் என்று பார்க்கத் தொடங்கினார். மாதாந்திர வீடியோ அழைப்பில் இது நடக்காது.

இதோடு, வாடிக்கையாளர் போனில் கத்துவது, கொட்டேஷனைக் குறைக்கச் சொல்வது, ஒப்புதல் வராமல் டிராயிங் தேங்கி நிற்பது எல்லாம் கண்முன் நடக்கும். இந்தத் தொழில் நமக்கு ஒத்துவருமா என்று முடிவெடுக்க அதைவிட நல்ல சான்று கிடையாது.

பிரச்சினை, கெடு வந்தால் மென்டார் காணாமல் போவார். அப்புறம், மென்டரிங் என்ற பெயரில் சம்பளமில்லாத டிராஃப்டிங் ஆளாக மாறிவிடும் அபாயம் உண்டு. இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ஒரு மாதம் ஆன பிறகும் பழைய டிராயிங்குகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை மட்டும் வருகிறது, ஏன் அப்படி வரைந்தார்கள் என்று ஒருவரும் விளக்கவில்லை என்றால், அது மென்டரிங் இல்லை. மரியாதையாக நன்றி சொல்லி விலகிவிடலாம்.

வேலையோடு கற்பது என்பதை ஒழுங்காகச் செய்ய நினைத்தவர்கள் அதற்குச் சம்பளத்தையும் சேர்த்தே யோசித்தார்கள். 1906இல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் ஹெர்மன் ஷ்னைடர், பொறியியல் மாணவர்கள் வகுப்பறையும் தொழிற்கூடமும் மாறி மாறிப் போகும் கோ-ஆப் முறையைத் தொடங்கினார். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகம் 1957இல் தொடங்கியதே இந்த முறையில்தான், 74 மாணவர்களோடு. உங்கள் படிப்பில் சம்பளத்தோடு கூடிய கோ-ஆப் அல்லது நீண்ட இன்டர்ன்ஷிப் இருந்தால், அதைச் சிறு அலுவலகத்துச் சனிக்கிழமைகளுக்கு மேலே வையுங்கள். யோசிக்கவே வேண்டாம்.

## நிறுவனம் கொடுக்கும் புராஜெக்ட்

கம்பெனி ஒரு நிஜமான பிரச்சினையைக் கொடுக்கிறது. நாலைந்து மாணவர்கள் குழுவாக ஒரு வருடம் வேலை செய்கிறார்கள். கம்பெனி தரப்பில் ஓர் இன்ஜினியர் தொடர்பில் இருப்பார். அமெரிக்காவின் ஹார்வி மட் கல்லூரி 1963இல் 'கிளினிக்' என்ற பெயரில் இதைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. இன்று பல பல்கலைக்கழகங்களின் இறுதியாண்டு புராஜெக்ட் ஏறக்குறைய இந்த வடிவில் நடக்கிறது.

இங்கே மென்டார் வராமல் போக மாட்டார், ஏனென்றால் முடிவு அவருக்கும் தேவை. உங்கள் அறிக்கையைப் படிப்பார், எண் தப்பாக இருந்தால் எரிச்சலோடு கேட்பார். அந்த எரிச்சலுக்கு விலை உண்டு. "செமஸ்டருக்குள் இதை முடிக்க முடியாது, இந்தப் பகுதியை மட்டும் செய்து தருகிறோம்" என்று வாடிக்கையாளரிடம் சொல்லக் கற்பது இங்கேதான். ஐந்து பேர் குழுவில் வேலை செய்யாத இருவரைச் சமாளிப்பதும் பாடத்தில் சேர்த்தி.

செலவு என்னவென்றால், உரிமை. கையெழுத்துப் போடும் ஒப்பந்தத்தில் பெரும்பாலும் இரண்டு விஷயம் இருக்கும்: நீங்கள் கண்டுபிடிப்பது நிறுவனத்துக்குச் சொந்தம், நீங்கள் பார்ப்பது ரகசியம். இரண்டுமே நியாயமானவையாக இருக்கலாம். ஆனால் ஒரு வருட உழைப்பை நேர்காணலில் காட்ட முடியாமல், "ஒரு கம்பெனிக்காக ஒரு கருவியை மேம்படுத்தினோம், மேலே சொல்ல அனுமதியில்லை" என்று நிற்கும் மாணவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கும். கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள்: ரெஸ்யூமேவில் நிறுவனத்தின் பெயரைப் போடலாமா? எந்த வரைபடங்களை வெளியே காட்டலாம்? எண்களை மாற்றி, பெயர்களை நீக்கி, வெளியில் காட்டும் பிரதி ஒன்றை ஒப்புதலோடு தயார் செய்யலாமா? முதல் வாரத்தில் கேட்டால் பெரும்பாலும் சரி என்பார்கள். கடைசி வாரத்தில் கேட்டால் சட்டப் பிரிவுக்குக் கடிதம் போகும், பதில் வருவதற்குள் நீங்கள் பட்டம் வாங்கியிருப்பீர்கள்.

இன்னொரு குறை, பேச்சு முழுக்க புராஜெக்டைப் பற்றியே இருக்கும். உங்கள் எதிர்காலத்தைப் பற்றி ஒருவரும் கேட்க மாட்டார்கள். கூட்டம் முடியும்போது பத்து நிமிடம் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியது நீங்கள்தான்.

## வெளியாள்: தொழில்முறைச் சங்கம், முன்னாள் மாணவர், சீனியர்

ஆளெடுப்போடு சம்பந்தமில்லாத ஒருவர். இதற்குப் பழைய வரலாறு உண்டு. 1818 ஜனவரியில் லண்டனில் ஒரு காபிக் கடையில் சில இளம் பொறியாளர்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள், தொழிலை ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வதற்காக. 1820இல் அன்றைய பெரும் பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டைத் தலைவராக வரச் சொன்னார்கள், அவரும் வந்தார். அதுதான் இன்றைய இன்ஸ்டிடியூஷன் ஆஃப் சிவில் இன்ஜினியர்ஸ். பெரியவரை அழைத்தது சின்னவர்கள்தான் என்பதை, கேட்கத் தயங்கும் மாணவர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன்.

இங்கே மனம்விட்டுப் பேசலாம். "அந்தக் கம்பெனி எப்படி சார்?" என்று கேட்டால் நேரான பதில் கிடைக்கும். அகலமும் இங்கேதான் அதிகம். 1973இல் சமூகவியலாளர் மார்க் கிரனோவெட்டர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் ஒரு கணக்கு வரும்: தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களில், அந்தத் தெரிந்தவரை அடிக்கடி பார்ப்பவர்கள் சுமார் 17 சதவீதம்தான், எப்போதாவது பார்ப்பவர்கள் 56 சதவீதம். சின்ன மாதிரிதான், ஆனால் காரணம் தர்க்கமானது. தினமும் பார்ப்பவருக்குத் தெரிந்தது உங்களுக்கும் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

குறை வெளிப்படை. நீங்கள் கொண்டுபோய் வைக்காவிட்டால் உங்கள் வேலையை அவர் பார்க்கப்போவதில்லை. நீங்கள் எழுதாவிட்டால் அவரும் எழுதமாட்டார். இருபது வருடத்துக்கு முன் வேலை தேடியவரின் நேர்காணல் அனுபவம் இன்றைக்குப் பொருந்தாமலும் போகலாம். அதை மட்டும் சமீபத்தில் சேர்ந்தவரிடம் கேளுங்கள்.

படிப்பை விடலாமா என்று யோசிக்கும் மாணவிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 2017இல் டெனஹி, தாஸ்குப்தா என்ற இரு ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பொறியியல் முதலாண்டு மாணவிகள் 150 பேரில் சிலருக்குப் பெண் சீனியரையும், சிலருக்கு ஆண் சீனியரையும் மென்டாராகக் கொடுத்தார்கள், மற்றவர்களுக்கு யாரையும் தரவில்லை. முதலாண்டு முடிவில் பெண் சீனியர் வாய்த்தவர்களில் ஒருவர்கூடப் பொறியியலை விட்டு விலகவில்லை. ஆண் சீனியர் வாய்த்தவர்களில் 18 சதவீதமும், மென்டார் இல்லாதவர்களில் 11 சதவீதமும் விலகியிருந்தார்கள். மதிப்பெண் வித்தியாசம் இதற்குக் காரணமில்லை. இது நமக்குரிய இடம் என்ற எண்ணம் நிலைத்ததுதான் காரணம். ஆகவே அந்த நிலையில் இருப்பவருக்குப் பெரிய கம்பெனியின் துணைத் தலைவரைவிட இரண்டு வருட சீனியர் அக்கா அதிகம் உதவுவார்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | பெரிய நிறுவனத் திட்டம் | சிறு அலுவலகம் | நிறுவன புராஜெக்ட் | வெளியாள் |
|---|---|---|---|---|
| வேலையைப் பார்ப்பாரா | அரிது | அன்றாடம் | தவறாமல் | நீங்கள் காட்டினால் |
| மனம்விட்டுப் பேசலாமா | யோசித்துப் பேச வேண்டும் | ஓரளவு | புராஜெக்ட் பற்றி மட்டும் | தாராளமாக |
| பார்வையின் அகலம் | ஒரே நிறுவனம், பல வேலைகள் | குறுகியது, ஆழமானது | ஒரு பிரச்சினை | அதிகம் |
| நேரம் | மாதம் சில மணி | வாரம் ஒரு நாள் | வாரம் பல மணி | உங்கள் விருப்பம் |
| மறைந்திருக்கும் செலவு | மற்ற வாய்ப்புகளை மறப்பது | இலவச உழைப்பு | உரிமையும் ரகசியமும் | தொடர்பு தானாக அற்றுப்போவது |

## யாருக்கு எது

துறையில் என்னென்ன வேலை இருக்கிறது என்றே தெரியாத இரண்டாம் ஆண்டு மாணவர் பெரிய நிறுவனத் திட்டத்துக்குப் போகட்டும். கிளையை முடிவு செய்துவிட்டவர், கையில் வேலை பழக வேண்டும் என்பவர் சிறு அலுவலகத்துக்கு. இறுதியாண்டில் எப்படியும் புராஜெக்ட் செய்தே ஆக வேண்டும் என்றால் நிறுவனம் தருவதையே எடுங்கள், ஒப்பந்தத்தைப் படித்துவிட்டு. மேற்படிப்பா வேலையா, இந்தத் துறையா வேறா என்று குழம்புபவர் முதலில் வெளியாளிடம் போக வேண்டும்; ஆளெடுப்பவரிடம் அந்தக் குழப்பத்தைக் காட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

இரண்டு எடுக்க நேரமிருந்தால் என் தேர்வு புராஜெக்டும் வெளியாளும். ஒருவர் வேலையைப் பார்ப்பார், மற்றவர் உங்களைப் பார்ப்பார். பெரிய திட்டமும் வெளியாளும் என்ற சேர்க்கை இரண்டாவது இடம். பெரிய திட்டமும் புராஜெக்டும் ஒரே கம்பெனியில் என்றால் வேண்டாம், எல்லாக் கேள்வியும் ஒரே வாசலில் போய் முட்டும்.

எதை எடுத்தாலும் முதல் கடிதத்தில் "எனக்கு வழிகாட்டுங்கள்" என்று எழுதாதீர்கள். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வணக்கம் சார். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கூலிங் டவர் தண்ணீருக்கு ஒரு பம்ப் தேர்ந்தெடுத்திருக்கிறேன். இரண்டு பக்கக் கணக்கை இணைத்துள்ளேன். உறிஞ்சும் பக்கத்தில் கிடைக்கும் ஹெட், பம்ப்புக்குத் தேவையானதைவிட அரை மீட்டர்தான் அதிகம். இந்த இடைவெளி போதுமா, பம்ப்பை இன்னும் கீழே வைக்க வேண்டுமா என்று தெரியவில்லை. 20 நிமிடம் பேச முடியுமா?"

இதற்குப் பெரும்பாலான இன்ஜினியர்கள் பதில் எழுதுவார்கள், கை சும்மா இருக்காது. இரண்டு வாரம் பதில் இல்லையென்றால் ஒரு முறை நினைவூட்டுங்கள். அதற்கும் இல்லையென்றால் திட்டமாக இருந்தால் ஒருங்கிணைப்பாளரிடம் ஆளை மாற்றித் தரச் சொல்லுங்கள், வெளியாளாக இருந்தால் அடுத்தவருக்கு எழுதுங்கள். பாதியில் மென்டாரை மாற்றினால் தப்பாக நினைப்பார்களோ என்று ஒரு செமஸ்டரையே ஓட்டியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மென்டார்களில் பலர் அப்படி ஒரு மாணவர் தனக்கு ஒதுக்கப்பட்டதையே மறந்திருப்பார்கள்.